ஜப்பானுக்கு டிரிஃப்ட் பார்க்கப் போகிறீர்களா? எல்லோரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

ஜப்பான் கார் பயணம் என்று யார் பேச்செடுத்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இதே இடங்களுக்குத்தான் வருகின்றன, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் நிசானின் ஜிடிஆர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து நியான் விளக்குகளுக்கு நடுவே படம் பிடித்துவிட்டு வருவதைவிட, ஏதாவது ஒரு சின்ன டிராக்கில் ஒரு முழு நாள் டயர் புகையில் நிற்பது மேல் என்று நினைக்கிற ஆள் நான். அதற்கேற்ற மாதிரிதான் பதில்களும் இருக்கும்.

டிரிஃப்ட் என்றால் காரைச் சறுக்க விடுவதுதானே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

சறுக்க விடுவது யாராலும் முடியும், மழை பெய்தால் டவுன் பஸ்கூடச் சறுக்கும். சறுக்கிய காரை அந்தச் சறுக்கலிலேயே வைத்துக்கொண்டு நினைத்த கோட்டில் கொண்டுபோவதில்தான் வித்தை இருக்கிறது. பின் சக்கரங்கள் பிடியை விட்டுவிட்டன, கார் பக்கவாட்டில் போகிறது, முன் சக்கரங்கள் வளைவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் கார் எங்கே போகும் என்பதில் ஸ்டீயரிங்குக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு ஆக்சிலரேட்டருக்கும் உண்டு. கொஞ்சம் அதிகம் மிதித்தால் கார் சுற்றி நின்றுவிடும். பயந்துபோய் காலை எடுத்தால் பின்பக்கத்துக்குப் பிடி திடீரென்று திரும்பி வந்து கார் எதிர்ப்பக்கம் வெட்டி எறியும், இதுதான் இரண்டில் மோசம், சுவரில் போய் இடிப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இடிக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

சறுக்கலைத் தொடங்குவதற்கும் பல வழிகள் இருக்கின்றன. ஹேண்ட்பிரேக் எல்லோருக்கும் தெரிந்தது. கிளட்ச் கிக் என்பது ஆக்சிலரேட்டரை விடாமல் கிளட்சை ஒரு தட்டுத் தட்டி விடுவது. அந்த நொடியில் ஏறிய எஞ்சின் வேகம் ஒரே அடியாகப் பின் சக்கரங்களுக்குப் போய் டயரின் பிடியை உடைத்துவிடும். ஃபெயின்ட் என்பது வளைவுக்கு முன்னால் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் ஒடித்து, காரின் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும் சட்டென்று இந்தப் பக்கம் வீசுவது. டிராக் ஓரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இவற்றுக்குள்ள வித்தியாசம் தெரியும். கிளட்ச் கிக்கில் எஞ்சின் சத்தம் ஒரு விக்கல் விக்கிவிட்டு மேலே போகும், ஃபெயின்ட்டில் டயர்தான் முதலில் கத்தும்.

போட்டியில் யார் சீக்கிரம் வந்தார் என்று பார்ப்பதில்லை. கோணம், வேகம், கோடு, எவ்வளவு நேரம் விடாமல் சறுக்கினார் இவைதான் கணக்கு. அப்புறம் இருவர் சேர்ந்து ஓடிப் போட்டியிடும் சுற்று வரும். முன்னால் போகிறவரை ஒட்டி, கதவுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை இடைவெளியில், அதே கோணத்தில் துரத்த வேண்டும். நேரில் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

இது ஜப்பானில் எப்படி ஆரம்பித்தது?

குனிமிட்சு தகாஹாஷி என்பவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவர் முதலில் பைக் பந்தய வீரர். 1961 இல் ஹோண்டாவில் மேற்கு ஜெர்மனி கிராண்ட் பிரியில் ஜெயித்து, உலக சாம்பியன்ஷிப் பைக் பந்தயம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானியர் ஆனவர். பிறகு காருக்கு மாறி, 1970களில் நிசான் ஸ்கைலைனை வளைவுகளில் சறுக்க விட்டே ஓட்டினார். அதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவர்களில் ஒருவர் கெயிச்சி சுசியா. மலைப்பாதைகளில் பழகி, டொயோட்டா ஏஇ86 என்ற சாதாரணச் சின்னக் காரைப் பந்தயத்தில் சறுக்கிக் காட்டி, 'டிரிஃப்ட் கிங்' என்று பெயர் வாங்கியவர். இந்த இருவரும் 1995 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஒன்றில் அகிரா ஈடாவோடு சேர்ந்து ஓட்டி ஜிடி2 பிரிவில் ஜெயித்தார்கள். சறுக்குகிறவனுக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சுசியாவும் பத்திரிகைக்காரர் டைஜிரோ இனாடாவும் சேர்ந்துதான் டி1 கிராண்ட் பிரி என்ற போட்டியைத் தொடங்கினார்கள், 2000 இல், ஃபுகுஷிமாவின் எபிசு டிராக்கில். இருவரும் பின்னர் அதிலிருந்து விலகிவிட்டார்கள், போட்டி இன்னும் நடக்கிறது, இப்போது காருக்குள் வைக்கும் சென்சார் கருவியை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். கருவி வந்த பிறகு கொஞ்சம் உயிர் போய்விட்டது என்று பழைய ரசிகர்கள் முணுமுணுப்பார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் எது?

எபிசு. யோசிக்கவே வேண்டாம்.

ஃபுகுஷிமா மாகாணத்தில் நிஹோன்மட்சு ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவு முழுக்க வெட்டி வெட்டிப் போட்ட சின்னச் சின்ன டிராக்குகள். வடக்கு, தெற்கு, மேற்கு, கிழக்கு என்று திசைப் பெயர் வைத்தவை தனி, பழகுவதற்கான ஸ்கூல் கோர்ஸ் தனி, மலைப்பாதை மாதிரியே அமைத்த டோகே கோர்ஸ் தனி. எதுவும் நீளமானது இல்லை, பளபளப்பானதும் இல்லை. தடுப்புச் சுவரில் பெயின்ட் உரிந்திருக்கும், ஷெட்டில் பாதி கார் ஒன்று இரண்டு வருடமாக நின்றிருக்கும். இதன் முகமாக அறியப்படுபவர் நொபுஷிகே குமாகுபோ, 2006 டி1 சாம்பியன், ஆரஞ்சு நிறக் கார்களோடு வரும் டீம் ஆரஞ்சின் தலைவர். அடுத்த வாசலில் சஃபாரி பார்க் இருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு.

தெற்கு டிராக்குக்கு ஜப்பானிய மொழியில் மினாமி என்று பெயர், அங்கேதான் அந்தப் பிரபலமான தாவல் நடக்கும். நேர்ச்சாலைக்கு இறங்கும் இடத்தில் தரை சட்டென்று கீழே போகும். கார் பக்கவாட்டாக வந்து அந்த விளிம்பில் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி, பக்கவாட்டாகவே இறங்கும். பக்கத்திலேயே கான்கிரீட் சுவர். பின் பம்பர் சுவரைத் தடவிக்கொண்டு போனால் கைதட்டல், பம்பர் கழன்று சுவரோரம் விழுந்தால் இன்னும் பெரிய கைதட்டல். ஓட்டியவர் அடுத்த இடைவேளையில் பம்பரைத் தூக்கி வந்து பிளாஸ்டிக் டையால் கட்டி, மேலே டேப் ஒட்டி, மறுபடியும் வரிசையில் போய் நிற்பார்.

2021 பிப்ரவரி 13 இரவு வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து மேற்கு டிராக்கை மண் மூடிவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்தபோது இனி அவ்வளவுதான் என்றுதான் தோன்றியது. மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் கார் ஓட விட்டார்கள்.

எந்த மாதம் போவது?

எபிசுவில் 'மட்சுரி' என்ற டிரிஃப்ட் திருவிழா நடக்கும் வார இறுதிகளைப் பார்த்துப் பயணத்தைப் போடுங்கள். வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என்று வருடத்தில் சில முறை வரும், தேதியை டிராக்கின் தளத்தில் முன்கூட்டியே போடுவார்கள். அந்த நாள்களில் பல டிராக்குகள் ஒரே சமயத்தில் திறந்திருக்கும், ராத்திரியிலும் விளக்கு போட்டு ஓட்டுவார்கள், ஒரு டிராக்கில் அலுத்தால் காரை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். வாடகைக் கார்களும் அந்த நாள்களுக்குத்தான் முதலில் தீர்ந்துபோகும். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும், பனியில் சறுக்குவது தனிச் சுகம், டயரும் தேயாது. ஆனால் கடலோரச் சூட்டில் வளர்ந்த உடம்புக்கு ஃபுகுஷிமா ஜனவரி லேசுப்பட்ட விஷயமில்லை.

ஜனவரியில்தான் முடியும் என்றால் டோக்கியோ ஆட்டோ சலோன் தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள், சீபாவில் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் மூன்று நாள் நடக்கும். மாற்றியமைத்த கார்களின் கடல், கூட்டமும் கடல்தான்.

எபிசுவுக்கு எப்படிப் போவது?

டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் என்ற புல்லட் ரயில் ஏறி கோரியாமாவில் இறங்கினால் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் நிஹோன்மட்சு. அதற்கு மேல் டாக்சிதான், டிராக் மலைமேல் இருக்கிறது. காரில் போனால் தோஹோகு நெடுஞ்சாலையில் நிஹோன்மட்சு வெளியேற்றம். தங்குவதற்குப் பக்கத்திலேயே தாகே ஓன்சென் என்ற வெந்நீர் ஊற்று ஊர் இருக்கிறது, நாள் முழுக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிய தோளுக்கு அந்த வெந்நீர் சொர்க்கம். பச்சை குத்தியிருந்தால் பொதுக் குளியலில் விடுவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள்.

எனக்கு டிரிஃப்ட் தெரியாது. நானே ஓட்ட முடியுமா, இல்லை வேடிக்கை பார்க்க மட்டும்தானா?

முடியும், அதற்குத்தான் போக வேண்டும் என்கிறேன். ஜப்பானில் டிரிஃப்ட் என்பது பணக்கார அணிகள் ஓட்ட மற்றவர்கள் காலரியில் உட்கார்ந்து பார்க்கும் சமாசாரமாக வளரவில்லை. 'சோகோகாய்' என்று டிராக்கை ஒரு நாள் வாடகைக்குப் பிடித்துக் கூடி ஓட்டும் வழக்கம் ஊர் ஊராக இருக்கிறது. வார நாளில் மின்வேலை, கட்டட வேலை, டிரக் ஓட்டும் வேலை பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்தைந்து வருடப் பழைய காரில் நாலு டயரைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு வருவார்கள், சாயங்காலம் அதே காரில் வீட்டுக்குப் போவார்கள். எபிசு தவிர தோச்சிகியில் நிக்கோ சர்க்யூட், சீபாவில் மொபாரா, நாராவில் மெய்ஹான் என்று இதற்கே பெயர்போன சின்ன டிராக்குகள் இருக்கின்றன. நிக்கோவில் வளைவுக்குள் கார்கள் நுழையும் வேகத்தைப் பார்த்தால் அது இவ்வளவு சின்ன டிராக் என்று நம்ப முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு டிரிஃப்ட் காரை வாடகைக்குக் கொடுத்து, ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்து, உடைந்தால் சரிசெய்தும் தரும் ஆட்கள் எபிசுவைச் சுற்றி இருக்கிறார்கள். முதல் நாள் நனைத்த தரையில் வட்டம் போடச் சொல்வார்கள். தண்ணீர் தெளித்தால் டயரின் பிடி குறைந்து எல்லாம் மெதுவாக நடக்கும், எஞ்சின் திணறாது, டயர் தேயாது, தப்பு செய்தாலும் சுற்றி நிற்பதோடு முடிந்துவிடும். ஒரு கூம்பைச் சுற்றி வட்டம், அப்புறம் இரண்டு கூம்பைச் சுற்றி எட்டு. எட்டுதான் ஆளைக் கொல்லும். ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து மறுபக்கச் சறுக்கலுக்கு மாறும் அந்த இடைவெளியில் ஸ்டீயரிங்கைக் கையால் சுற்றப் பார்ப்பீர்கள், கை சிக்கிக்கொள்ளும். விட்டுவிடுங்கள். முன் சக்கரங்களின் அமைப்பால் ஸ்டீயரிங் தானாகவே கார் போகும் திசையைத் தேடிச் சுழலும், தேவையான இடத்தில் பிடித்தால் போதும். விடுவதற்கு மனசு வரத்தான் நேரமாகும். சுழலும் ராட்டினக் கயிற்றை விட்டுப் பிடிக்கிற மாதிரி, விடும்போது பயம், பிடித்த பிறகு இவ்வளவுதானா என்று இருக்கும்.

ஒரு நாளில் என்ன சாதிக்கலாம்? ஓரளவு கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவர் முதல் நாள் முடிவில் வட்டம் போடுவார், எட்டு போடவும் வாய்ப்பிருக்கிறது. ஒரு வளைவில் நுழைந்து சறுக்கலோடு வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு நாள் வேண்டும். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் புறப்படுவதற்கு முன் ஊரிலேயே கிளட்ச் பழகிவிட்டுப் போகவும், அங்கே போய் யென் கொடுத்துக் கற்றுக்கொள்ளும் பாடம் இல்லை அது.

ஓட்டவே வேண்டாம், அனுபவம் மட்டும் போதும் என்றால் டிரிஃப்ட் டாக்சி உண்டு. தேர்ந்தவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் உட்காரலாம். சாப்பிட்ட உடனே ஏறாதீர்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், கையுறை, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. ஹெல்மெட் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும், உங்களுடையது இருந்தால் நல்லது. ஷூ விஷயத்தைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம், தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் கிளட்ச் எங்கே கடிக்கிறது என்று காலுக்குத் தெரியாது.

எந்தக் கார் கேட்பது?

கொடுப்பதில் தேர்வு இருந்தால் நீண்ட கார். ஆசை எல்லோருக்கும் நிசான் சில்வியா எஸ்15 மேல்தான் இருக்கும், அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் பழகுகிறவர்களுக்கு டொயோட்டா சேஸர், மார்க் 2, நிசான் லாரல் மாதிரி நாலு கதவு செடான்கள் பொறுமையானவை. சக்கரங்களுக்கு நடுவே நீளம் அதிகமென்பதால் சறுக்கல் மெதுவாக வரும், மெதுவாகப் போகும், யோசிக்க அரை நொடி கூடுதலாகக் கிடைக்கும். சேஸர் ஜேஇசட்எக்ஸ்100 ஒரு காலத்தில் ஜப்பானிய அலுவலர் வீட்டுக் கார், உள்ளே 1ஜேஇசட் டர்போ எஞ்சின், 280 குதிரைத்திறன். ஏன் எல்லா ஜப்பானியக் கார்களும் அந்தக் காலத்தில் சொல்லிவைத்தாற்போல் 280 என்றே போட்டுக்கொண்டன என்றால், உண்மையிலேயே சொல்லிவைத்தார்கள். கம்பெனிகளுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம் 2004 வரை இருந்தது. சில கார்கள் காகிதத்தில் மட்டும்தான் 280.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகுதி. சாதாரண டிஃபரன்ஷியலில் உள்பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், கார் சறுக்காது. இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றும் எல்எஸ்டி வேண்டும், மலிவான கார்களில் வெல்டிங் வைத்தே பூட்டிவிடுவார்கள்.

விலை பற்றி யாராவது பழைய கதை சொன்னால் நம்பாதீர்கள். 25 வருடமான காரை அமெரிக்காவுக்குள் தடையில்லாமல் கொண்டுபோகலாம் என்ற விதி இருப்பதால், அந்த வயதைத் தொட்ட சில்வியாவும் ஸ்கைலைனும் வரிசையாகக் கப்பல் ஏறிவிட்டன. முன்பு பள்ளி முடித்த பையன்கள் வாங்கி இடித்துப் பழகிய கார்கள் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்படி ஒரு காரை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்துவிடலாமா?

இந்தியா என்றால் மறந்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய விதி இடம் தராது, வரி தனி. சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

விமான நிலையத்தில் எடுக்கும் வாடகைக் காரை டிராக்கில் ஓட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

டயருக்குத் தெரியும், அப்புறம் கம்பெனிக்கும் தெரியும். டிராக்கில் ஓட்டினால் வாடகைக் காப்பீடு செல்லாது, ஒரு தடுப்பில் உரசினால் முழுக் காரையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். செய்யாதீர்கள்.

நம் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

தனியாகச் செல்லாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான அனுமதியை மட்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன, பிரச்சினை இல்லை. இந்தியாவில் ஆர்டிஓ மூலம், இலங்கையில் ஆட்டோமொபைல் சங்கம் மூலம் வாங்கலாம். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே தரும் சர்வதேச அனுமதி வேறு ஒப்பந்தத்தின் கீழ் வருவது, ஜப்பானில் செல்லாது. அதற்குப் பதில் உங்கள் லைசென்ஸுக்கு அதிகாரபூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பு வாங்கிக்கொண்டால் ஓட்டலாம், ஜாஃப் என்ற ஜப்பான் ஆட்டோமொபைல் கூட்டமைப்பு செய்து தரும். பிரிட்டனில் இருப்பவர்கள் எந்த வருட ஒப்பந்தத்துக்கான அனுமதி என்று கேட்டு 1949 என்று போட்டதை வாங்குங்கள். அனுமதி, மூல லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் எப்போதும் காரில் இருக்கட்டும்.

ஓட்டுவது இடது பக்கம்தான், நமக்குப் பழகிய பக்கம். குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டியவரோடு தெரிந்தே கூட உட்கார்ந்து போனவருக்கும் தண்டனை உண்டு, இதில் அங்கே கெஞ்சல் எல்லாம் எடுபடாது.

டைகோகு போகலையா என்று எல்லோரும் கேட்கிறார்களே?

போங்கள், ஒரு தடவை பார்க்க வேண்டியதுதான். யோகோஹாமாவில், வளைந்து வளைந்து இறங்கும் மேம்பாலச் சுருள்களுக்கு நடுவே இருக்கும் நெடுஞ்சாலை வாகன நிறுத்துமிடம் அது. வார இறுதி மாலையில் ஒரு பக்கம் தரையோடு தரையாக இறக்கிய கார்கள், இன்னொரு பக்கம் ஃபெராரி, நடுவில் விளக்குகள் ஜொலிக்கும் டிரக், அதன் அருகில் ஒன்றுமே தெரியாமல் கழிவறைக்குப் போக வந்த ஒரு குடும்பம். கூட்டம் சேர்ந்ததும் போலீஸ் ஒலிபெருக்கியில் கிளம்பச் சொல்லி இடத்தையே மூடிவிடுவார்கள், அதனால் முன்னேரமே போங்கள். நடந்து போக வழியில்லை, நெடுஞ்சாலையிலிருந்துதான் உள்ளே வர முடியும். டாக்சியில் போய் இறங்கிவிட்டுத் திரும்பி வர வண்டி கிடைக்காமல் நிற்கிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். எஞ்சினை உறுமவிட்டுக் காட்டச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், அந்த மாதிரிச் சத்தத்தால்தான் இடம் மூடப்படுகிறது, வேடிக்கை பார்க்க வருகிற நம்மைப் போன்ற வெளியாட்களால் உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். படம் எடுக்கும் முன் உரிமையாளரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், பெரும்பாலும் பானட்டையே திறந்து காட்டுவார்கள்.

மலைப்பாதையில் டிரிஃப்ட் பார்க்க முடியுமா?

சட்டவிரோதம், குறைந்தும்விட்டது. பல மலைகளில் கார் சறுக்க முடியாதபடி சாலையிலேயே மேடுகள் போட்டுவிட்டார்கள். பாதைகளை ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் பகலில் ஒழுங்காக ஓட்டுங்கள். நிக்கோவில் இரோஹாசாகா என்று ஏற ஒன்று, இறங்க ஒன்றாக இரண்டு ஒருவழிப் பாதைகள், மொத்தம் 48 வளைவுகள். இலையுதிர் கால வார இறுதியில் போனால் அந்த 48 வளைவிலும் முதல் கியரில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்வீர்கள். ஹகோனே டர்ன்பைக் கட்டணச் சாலை, அதனால் கூட்டம் குறைவு, காலையில் போனால் நல்ல கார்களைப் பார்க்கலாம்.

டிரிஃப்ட் தவிர வேறு டிராக்குகள்?

சுகுபா கட்டாயம். டோக்கியோவுக்கு வடக்கே இபராகியில் இருக்கிறது, பெரிய டிராக்கே 2.045 கிலோமீட்டர்தான். மாற்றியமைத்த காரின் தரத்தை ஜப்பானில் இந்த டிராக்கில் எத்தனை நொடி என்று வைத்துத்தான் பேசுவார்கள், ஒரு நிமிடத்துக்குள் வந்தால் ஆளைக் கவனிப்பார்கள். கார்களை மாற்றியமைக்கும் எச்கேஎஸ் நிறுவனம் மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனை வைத்து 53 நொடிக்குக் கொண்டுபோனது 2007 இல். அந்தச் சாதனையை அதற்குப் பிறகு உடைத்தவர்களில் சொந்தக் காசில் கார் கட்டிய தனிமனிதர்களும் உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஃபுஜி ஸ்பீட்வேயில் ஒன்றரை கிலோமீட்டர் நேர்ச்சாலை, வானம் தெளிந்தால் பின்னால் மலை. ஜப்பானின் பெரிய கார் பந்தயத் தொடரான சூப்பர் ஜிடி மே மாத விடுமுறை வாரத்தில் வரும், குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்து உட்கார்ந்திருப்பார்கள். நம் நரேன் கார்த்திகேயன் 2019 நவம்பரில் ஜெயித்தது இங்கேதான், ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சூப்பர் ஜிடி கார்களும் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயத்தில், ஹோண்டா என்எஸ்எக்ஸில். ஊர் பத்திரிகைகள் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். சுசுகாவுக்கு நேரமிருந்தால் போங்கள், 1962 இல் ஹோண்டா கட்டியது, எட்டு வடிவில் தன்னையே குறுக்கே கடக்கும் டிராக்.

செலவில் எது கையைக் கடிக்கும்?

டயர். அப்புறம் இடித்ததற்கான கணக்கு. காரை எடுக்கும்போதே எதை உடைத்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பர், விளக்கு ஒரு கணக்கு, எஞ்சின், கியர்பாக்ஸ் இன்னொரு கணக்கு, சில இடங்களில் எந்திரக் கோளாறு அவர்கள் பொறுப்பு, சில இடங்களில் எல்லாமே உங்கள் பொறுப்பு. டயர் எத்தனை ஜோடி சேர்த்தி என்றும் கேளுங்கள். பின் டயர்கள் நல்ல வெயிலில் சில சுற்றுகளில் கம்பி தெரிய ஆரம்பித்துவிடும். நெடுஞ்சாலைச் சுங்கமும் அங்கே அதிகம், வாடகைக் காரோடு இடிசி என்ற தானியங்கிச் சுங்க அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பயண மருத்துவக் காப்பீட்டில் மோட்டார் விளையாட்டு விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மிச்சப்படுத்த வேண்டும் என்றால் ஹோட்டலில் மிச்சப்படுத்துங்கள், டிராக் நாளில் வேண்டாம். பழைய உதிரிபாகம் விற்கும் அப் கராஜ் கடைக்குள் நுழையும்போது கையில் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்டீயரிங்கும் கியர் குமிழும் சுவர் முழுக்கத் தொங்கும்.

சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

டிராக் கேன்டீனில் கறி ரைஸ், ராமென், பொரித்த கோழி. கறி ரைஸ் என்றதும் நம் ஊர் நினைப்பில் வாங்கிவிடாதீர்கள், உள்ளே பன்றியோ மாடோ இருக்கும். காய்கறி போலத் தெரிவதிலும் மீன் சாறு இருக்கும். டிராக் நாளுக்கு ரொட்டி, பழம், ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாய், புளிக்காய்ச்சல் என்று கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இந்திய, நேபாள உணவகங்கள் எதிர்பாராத மூலைகளில்கூட உண்டு.

ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கொடிகளின் அர்த்தம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். காலையில் ஓட்டுநர் கூட்டம் ஒன்று நடக்கும், புரியாவிட்டாலும் போய் நிற்க வேண்டும், நிற்காதவரை டிராக்கில் விடமாட்டார்கள். புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர் என்று பிரிப்பார்கள், கௌரவம் பார்க்காமல் புதியவர் வரிசையில் நில்லுங்கள். சறுக்கலில் சுற்றி நின்றுவிட்டால் காரைவிட்டு இறங்காதீர்கள். தரையில் மண்ணோ ஆயிலோ கொட்டினால் போய்ச் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள், மறைத்தால்தான் முகம் மாறும். சாயங்காலம் எல்லோரும் தேய்ந்த ரப்பர் துண்டுகளைப் பெருக்குவார்கள், நீங்களும் ஒரு துடைப்பத்தை எடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒருவர் டர்போவை இன்னொருவருக்கு விளக்குவதை நான் அங்கே பார்த்திருக்கிறேன், நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

மனைவி, குழந்தைகளோடு போனால் அவர்களுக்கு அலுக்காதா?

முதல் ஒரு மணி நேரம் அலுக்காது, அதற்கு மேல் சந்தேகம்தான். எபிசுவில் சஃபாரி பார்க் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களை அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் டிராக்கில் இருக்கலாம், மதியம் சேர்ந்து சாப்பிடலாம். குழந்தைகளுக்குக் காது மூடி அவசியம், மாற்றுத் துணியும் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள், புகையில் பொடிப்பொடியாக ரப்பர் வந்து சட்டையில் ஒட்டும், வெள்ளைத் துணி என்றால் போனது போனதுதான்.